நம்ம நாய்க்கும் பூனைக்கும் டாக்டர் எங்கே? வடசென்னை வாசகர் கேள்விகள்

எண்ணூர் முதல் பெரம்பூர் வரை பல பகுதிகளிலிருந்து வந்த கடிதங்கள் இவை. பெரும்பாலானவற்றில் ஒரே தவிப்புதான்: பிராணி படுத்த பிறகுதான் டாக்டரைத் தேட ஆரம்பிக்கிறோம். அந்த நேரத்தில் யார் போன் எடுக்கிறாரோ அவர்தான் டாக்டர், எந்தக் கடை திறந்திருக்கிறதோ அதுதான் ஆஸ்பத்திரி என்றாகிவிடுகிறது. குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே டாக்டரைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் கீழே உள்ள பதில்கள் எல்லாம் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன.

தெருவில் கிடந்த நாட்டு நாய்க்குட்டியை எடுத்து வந்திருக்கிறோம். 45 நாள் இருக்கும். பக்கத்து மருந்துக்கடைக்காரர் தானே ஊசி போட்டுவிடுகிறேன் என்கிறார். டாக்டரிடம்தான் போக வேண்டுமா? நல்ல டாக்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*வாசகி, தண்டையார்பேட்டை*

டாக்டரிடம்தான் போக வேண்டும், அம்மா. தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே இருக்க வேண்டிய பொருள். மின்வெட்டில் அணைந்து கிடந்த ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் போட்டால் குட்டிக்குக் குத்தின வலிதான் மிச்சம். ஊசி போடும் முன் எடை பார்த்து, காய்ச்சல் பார்த்து, உடம்பு தாங்குமா என்று முடிவு செய்ய ஒருவர் வேண்டும். காய்ச்சலோடும் வயிற்றுப்போக்கோடும் இருக்கும் குட்டிக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவார்கள். அந்த முடிவை மருந்துக்கடையில் எடுக்க முடியாது.

கால்நடை மருத்துவம் படித்தவரின் பெயருக்குப் பின்னால் பி.வி.எஸ்சி. என்று இருக்கும். அதோடு மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சிலின் பதிவு எண்ணும் இருக்கும். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி இந்தப் பதிவு இல்லாமல் மருத்துவம் பார்க்கக் கூடாது. பதிவு எண் என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தடுப்பூசிப் புத்தகத்தில் எப்படியும் அந்த எண்ணோடு முத்திரை குத்தித் தர வேண்டும்.

முதல் தடவை போகும்போதே கவனியுங்கள். மருந்து கொடுக்கும் முன் குட்டியைத் தராசில் வைக்கிறாரா? ஊசி மருந்துக் குப்பியின் லேபிளைப் பிரித்து, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெரியும்படி புத்தகத்தில் ஒட்டுகிறாரா? கிளினிக் மூடின பிறகு அவசரம் என்றால் எங்கே போகச் சொல்கிறார்? கடைசிக் கேள்விக்கு "நானே வருகிறேன்" என்ற பதில்தான் வேண்டும் என்பதில்லை. "ராத்திரி என்றால் இன்ன இடத்துக்குப் போங்கள், என் சீட்டைக் காட்டுங்கள்" என்று தெளிவாகச் சொல்பவரே போதும். எங்களைக் கேட்டால், எல்லா மெஷினும் வைத்திருக்கும் தூரத்து ஆஸ்பத்திரியைவிட, ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் போகக்கூடிய, தன் எல்லை தெரிந்து பெரிய இடத்துக்கு அனுப்பும் டாக்டரே அன்றாடத்துக்குச் சரி.

அந்தப் பெரிய இடம் நமக்குக் கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது. வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. அதன் மருத்துவமனையில் அறுவை, கண், தோல், மகப்பேறு என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. காலையிலேயே போய் டோக்கன் போடுங்கள், கூட்டம் அதிகம். பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். அங்கே ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டர் பார்க்கலாம், பிராணியின் கதையை அந்தத் தாள்தான் சொல்லும். மாதவரம் பால் பண்ணைப் பக்கம் இருப்பவர்களுக்கு அங்குள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனை பக்கம்.

இனி உங்கள் குட்டிக்கு. குடற்புழு மருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்று மாதம் வரை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, அதற்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அளவு எடைப்படிதான். பல நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசியாகப் போடும் கூட்டுத் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போகும். ஏன் இத்தனை முறை என்று பலரும் அலுத்துக்கொண்டு இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். தாயின் சீம்பாலிலிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையே அடித்துப்போடும். அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். வெறிநோய் ஊசி மூன்று மாத வயதில், பிறகு டாக்டர் சொல்லும் நாளில் பூஸ்டர், அதன் பின் ஆண்டுதோறும்.

கடைசிக் கூட்டு ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள். ஆஸ்பத்திரித் தரையிலும் விடாதீர்கள். துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருங்கள். ரத்த வயிற்றுப்போக்கை வரவைக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்கு அசையாது. வீட்டில் முன்பு ஒரு குட்டி ரத்த வயிற்றுப்போக்கில் போயிருந்தால், தரையைச் சோப்புப் போட்டுக் கழுவி, திரவ ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிஷம் ஈரமாகவே விட்டுப் பிறகு அலசுங்கள்.

போன மழையில் ராத்திரி 11 மணிக்கு எங்கள் நாய் வலிப்பு வந்து விழுந்தது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர், ஆட்டோவும் வரவில்லை. இந்த மழைக்காலத்துக்கு முன்பே என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? எதற்கெல்லாம் காலைவரை காத்திருக்கலாம்?
*வாசகர், வியாசர்பாடி*

வழியிலிருந்து ஆரம்பிப்போம். கணேசபுரம் சுரங்கப்பாதை மூடினால் புளியந்தோப்பு, பட்டாளம் பக்கமும் பெரும்பாலும் தண்ணீர் நிற்கும். பெரம்பூர் மேம்பாலம் ஏறி, ஓட்டேரி, புரசைவாக்கம் வழியாக டவ்டன் வந்து வேப்பேரிக்குப் போகும் வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போய்ப் பார்த்துவிடுங்கள். பகல் என்றால் மூலக்கடை வழியாக மாதவரம் இன்னொரு வழி. நாயை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோக்காரர் இருவரிடம் இப்போதே பேசி வையுங்கள், சீட்டில் விரிக்க ரப்பர் ஷீட்டு நம்முடையது என்று சொன்னால் பலர் சம்மதிப்பார்கள். ராத்திரியில் யார் பார்க்கிறார்கள் என்பதை மழை தொடங்கும் முன் போனில் கேட்டு, எண்ணையும் நேரத்தையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஓராண்டுக்கு முந்தைய எண்ணை நம்பாதீர்கள்.

ஒரு டப்பாவில் இவை இருக்கட்டும்: டிஜிட்டல் தெர்மாமீட்டர், வாசலின், பஞ்சும் காஸ் துணியும், நான்கு அங்குல க்ரேப் பேண்டேஜ், அரை லிட்டர் சலைன் பாட்டில், டார்ச், ஒரு பழைய போர்வை, வாய் கட்ட ஒரு நீளத் துணி. அடிபட்ட நாய் வளர்த்தவரையே கடிக்கும், வலி அப்படி. ஆனால் வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சு வாங்குகிற நாய்க்கும் வாயைக் கட்டவே கூடாது. கடி வாங்கிவிட்டால், வளர்ப்பு நாய்தானே என்று விடாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஸ்டான்லிக்கோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ போங்கள்.

காத்திருக்கலாமா என்பதை ஈறு சொல்லும். மேலுதட்டைத் தூக்குங்கள். ஆரோக்கியமான நாயின் ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும் (சில நாய்களுக்குப் பிறவியிலேயே கறுப்பு ஈறு, அவற்றுக்குக் கீழ் இமையைத் தாழ்த்தி உள்பக்கம் பாருங்கள்). கட்டைவிரலால் ஈறை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். அதற்கு மேல் ஆனாலோ, ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தாலோ உடனே கிளம்புங்கள். இந்தச் சோதனையை நாய் நன்றாக இருக்கும் நாளில் செய்து பழகுங்கள், இல்லையென்றால் அவசரத்தில் எது இயல்பு என்றே தெரியாது.

இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது: ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீளும் வலிப்பு, அல்லது ஒரே நாளில் இரண்டு முறை வலிப்பு. வயிறு மேளம் போல உப்பி, குமட்டியும் எதுவும் வெளியே வராதது. பூனை வாயைத் திறந்து மூச்சு விடுவது. குட்டிக்கு வாந்தியோடு ரத்த பேதி. அரை மணி நேரமாக முக்கியும் குட்டி வெளியே வராத பிரசவம். வண்டியில் அடிபட்டு எழுந்து நடந்தாலும் சரி, உள்ளே ரத்தம் கசிந்தால் சில மணி நேரம் கழித்துத்தான் சாயும்.

வலிப்பின்போது வாயில் கையோ கரண்டியோ சாவியோ வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பக்கத்தில் உள்ள சாமான்களை நகர்த்திவிட்டு, விளக்கை அணைத்து, மணி பாருங்கள். முடிந்தால் போனில் வீடியோ எடுங்கள், டாக்டருக்கு உங்கள் வர்ணனையைவிட அது உதவும்.

எலி மருந்து தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் புகட்டும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அந்த உப்பே நாயைக் கொல்லும். பால், முட்டை, எண்ணெய் எதுவும் வேண்டாம். எலி மருந்து அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். சில வகைகளில் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் ரத்தக் கசிவு தொடங்கும், அதனால் "நன்றாகத்தானே இருக்கிறது" என்று இருந்துவிடக் கூடாது.

மழை என்றதும் இன்னொன்று. எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் நடந்தும் அதைக் குடித்தும்தான் நாய்களுக்கு லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் வருகிறது. அது மனிதர்களுக்கும் தொற்றும். கூட்டு ஊசியில் உள்ள லெப்டோ பகுதிக்குப் பலன் ஓராண்டுதான், அதை அக்டோபர் மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இரண்டு வயது ஆண் பூனை. நேற்றிலிருந்து மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது. மலச்சிக்கல், விளக்கெண்ணெய் கொடு என்கிறார்கள்.
*வாசகி, காசிமேடு*

எண்ணெய் கொடுக்காதீர்கள். ஆண் பூனை முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் அது சிறுநீர்ப் பாதை அடைப்பு. ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடக்கூடும். உங்கள் வீட்டில் இன்று இது நடக்கிறது என்றால் மீதியை அப்புறம் படியுங்கள். வயிற்றில் எலுமிச்சை அளவோ அதற்கு மேலோ கெட்டியான உருண்டை தட்டுப்பட்டால் அழுத்திப் பார்க்காதீர்கள், சிறுநீர்ப் பை வெடிக்கும். துணி மூடின கூடையில் வைத்து நேராக ஆஸ்பத்திரிக்கு. டாக்டர் மயக்கம் கொடுத்துக் குழாய் போடுவார், ஓரிரு நாள் அங்கேயே தங்க வேண்டி வரலாம்.

பிழைத்து வந்த பிறகு தண்ணீர்தான் மருந்து. வெறும் உலர் தீனியில் வளரும் பூனைக்கு இந்த அடைப்பு அதிகம் வருகிறது. உங்கள் ஊரில் மீனுக்குக் குறைவில்லை: உப்பில்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, வெந்த தண்ணீரோடு கொடுங்கள். கருவாடு வேண்டாம். நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகவே நாள்தோறும் போட்டால், அவற்றில் உள்ள ஒரு பொருள் வைட்டமின் பி1ஐ அழித்து நரம்பைத் தாக்கும். வேகவைத்தால் அந்தப் பொருள் போய்விடும். மீனே முழு உணவு ஆகவும் கூடாது.

நாய்க்கு உடம்பு சுடுகிறது. அரை பாராசிட்டமால் கொடுத்தோம், ஒரு நாள் சரியாகி மறுபடி சுடுகிறது. சாப்பிடவில்லை. உடம்பில் உண்ணி நிறைய.
*வாசகர், திருவொற்றியூர்*

நாயின் இயல்பான சூடே 100.5 முதல் 102.5 பாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். மூக்கு ஈரம், காய்ந்த மூக்கு என்று பார்ப்பதும் பயனில்லை. தெர்மாமீட்டர் முனையில் வாசலின் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலத்துக்குக் குறைவாக நுழைத்து, சத்தம் வரும்வரை பிடியுங்கள். 103க்கு மேல் என்றால் காய்ச்சல்.

நம் மாத்திரைகளை இனி கொடுக்காதீர்கள். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் இரண்டும் நாயின் குடலில் புண்ணாக்கி ரத்தம் வரவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். பூனைக்கோ ஒரு மாத்திரையே எமன், பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

நீங்கள் சொல்வது உண்ணிக் காய்ச்சல் போலத்தான் இருக்கிறது. உறுதிப்படுத்த ரத்தம் எடுக்க வேண்டும்: ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் எத்தனை என்றும், கண்ணாடியில் தடவின ரத்தத்தில் கிருமி தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். உண்ணி பரப்பும் கிருமிகளில் எர்லிக்கியாவா, பபீசியாவா என்பதைப் பொறுத்து மருந்தே வேறு. எர்லிக்கியாவுக்கு வழக்கமாக 28 நாள் மாத்திரை. ஐந்தாவது நாளே நாய் துள்ளும், அங்கேதான் பலர் நிறுத்தி, இரண்டு மாதத்தில் மூக்கிலிருந்து ரத்தத்தோடு திரும்பி வருகிறார்கள். வெறும் வயிற்றில் கொடுக்காமல் சோற்றோடு கொடுங்கள்.

உண்ணியை விரலால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் தடவாதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்குகளில், வாலடியில் பாருங்கள். ஆனால் நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான். வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடைத்து, நாய் படுக்கும் சாக்கைக் கொளுத்திவிட்டுப் புதியது போடுங்கள். மாட்டுக்கு வாங்கும் உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து குளிப்பாட்டுவது ஆபத்து. நாய்க்கென்றே மாதக் கணக்கில் வேலை செய்யும் மாத்திரைகள் இருக்கின்றன, எடைக்கேற்ப டாக்டர் எழுதுவார். வீட்டில் பூனையும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு விஷம்.

நாய்க்கு லைசென்ஸ் கட்டாயமா? சிப் போட்டால் தொலைந்தால் கண்டுபிடிக்கலாமாமே?
*வாசகர், கொளத்தூர்*

கட்டாயம். மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 50 ரூபாய், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருக்கிறார்கள். வெறிநோய் ஊசிச் சான்று, முகவரி ஆதாரம், நாயின் படம் தேவை. ஊசிச் சான்றில் டாக்டரின் பதிவு எண் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கிளினிக்கை விட்டு வரும் முன்பே பாருங்கள்.

சிப் அரிசி மணி அளவு, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் போடுவார்கள். நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. யாராவது பிடித்துக் கருவியால் படித்தால் 15 இலக்க எண் வரும், அந்த எண்ணோடு உங்கள் போன் நம்பர் இணைந்திருந்தால் கூப்பிடுவார்கள். நம்பர் மாற்றினால் அங்கேயும் மாற்றுங்கள்.

ஒன்பது வயது லேப்ரடார், இதய மாத்திரை சாப்பிடுகிறது. கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும், 10 நாள். போர்டிங்கில் விடலாமா?
*வாசகி, பெரம்பூர்*

மாத்திரை சாப்பிடும் வயதான நாய்க்கு முதல் தேர்வு, அதற்குத் தெரிந்த ஆள் உங்கள் வீட்டுக்கே வந்து தங்குவது. அது முடியாவிட்டால் போர்டிங். போர்டிங்கை மதியம் சொல்லாமல் போய்ப் பாருங்கள்: தண்ணீர்க் கிண்ணங்கள் நிரம்பியிருக்கின்றனவா, மின்விசிறி ஓடுகிறதா, ராத்திரி ஆள் தங்குகிறாரா. தடுப்பூசிப் புத்தகம் கேட்காமலே சேர்த்துக்கொள்ளும் இடம் மற்ற நாய்களையும் அப்படித்தான் சேர்த்திருக்கும், அங்கே விடாதீர்கள். ஊருக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன் ஒரு ராத்திரி மட்டும் விட்டுப் பாருங்கள். சாப்பிடாமல் வந்தால் வேறு ஏற்பாட்டுக்கு நேரம் இருக்கும்.

மாத்திரைகளைத் தேதியும் வேளையும் எழுதின சிறு கவர்களில் பிரித்து வையுங்கள், அட்டையோடு கொடுத்தால் கணக்குத் தப்பும். தீனியை "ஒரு கப்" என்று சொல்லாமல் கிராமில் எழுதி, வழக்கமான தீனியையே 12 நாளுக்குக் கொடுங்கள், திடீரென்று தீனி மாறினால் வயிறு போகும். ஒரு தாளில் உங்கள் டாக்டரின் பெயர், எண், நோய், மருந்து அளவு எழுதி, "என்னைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் இவரிடம் கொண்டு போகலாம், இன்ன தொகைவரை கேட்காமலே சிகிச்சை செய்யலாம்" என்று கையெழுத்துப் போடுங்கள். டாக்டரிடமும் ஒரு நகல். கல்யாண மண்டபத்தில் உங்கள் போன் பையில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் இந்தத் தாள்.

பையன் பச்சைக்கிளி வாங்கி வந்துவிட்டான். இறகு உதிர்கிறது. எந்த டாக்டர்?
*வாசகர், புளியந்தோப்பு*

நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விற்பதும் வாங்குவதும்கூட. மாடியில் திறந்து விட்டுவிடாதீர்கள், சிறகு வெட்டின கிளியைக் காக்கை பிடித்துவிடும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். பையனுக்குப் பறவை ஆசை என்றால் லவ் பேர்ட்ஸ் வளர்க்கலாம், வேப்பேரியில் பறவைகளுக்கும் வைத்தியம் பார்க்கிறார்கள்.

எனக்கு 71 வயது. தனியாக இருக்கிறேன். ஆறு வயதுப் பூனை ஒன்றுதான் துணை. எனக்கு ஏதாவது ஆனால் அது என்ன ஆகும் என்பதுதான் கவலை.
*வாசகர், இராயபுரம்*

ஐயா, வீட்டுப் பூனை பதினைந்து வருஷத்துக்கு மேலும் இருக்கக்கூடியது, உங்கள் கவலை சரியானதுதான். இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள்: நீங்கள் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் வந்து சோறு போட ஒருவர், அதே தெருவில். நீங்கள் திரும்பி வராவிட்டால் எடுத்துக்கொள்ள இன்னொருவர். "பார்த்துக்கலாம்" என்பதை நம்பாமல் நேரில் கேட்டு, சம்மதம் வாங்குங்கள். ஒருவரிடம் வீட்டுச் சாவி இருக்கட்டும். உங்கள் பர்ஸில் ஆதார் அட்டையோடு ஒரு சீட்டு: "வீட்டில் பூனை இருக்கிறது, இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்."

பூனையின் பேரில் பணம் எழுதி வைக்க முடியாது. எடுத்துக்கொள்பவரின் பெயருக்கு உயிலில் ஒரு தொகை எழுதி, எதற்காக என்றும் குறிப்பிடுங்கள். கருத்தடை ஆகவில்லை என்றால் இப்போதே செய்துவிடுங்கள், தெருவுக்கு ஓடாத, மூலைக்கு மூலை சிறுநீர் அடிக்காத பூனையை எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பது சுலபம்.

சோறு போட வருபவரை வாரம் ஒரு தடவை வரச் சொல்லி, அவர் கையாலேயே தட்டு வைக்கச் சொல்லுங்கள். முதல் சில வாரம் பூனை கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். தட்டை வைத்துவிட்டு அவர் கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கட்டும், எட்டிப் பிடிக்க முயல வேண்டாம். அது வெளியே வந்து அவர் முன்னால் சாப்பிடத் தொடங்கும் வரைக்கும் அந்த நடை தொடரட்டும்.